கண்ணாடிச் சாளரங்களின் விலை

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த திருத்தணியும் இம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. அம்மலையடிவார ஊர்களில் ஒரு மாணவனுக்குக் கிடைத்த கணினி மந்தமாக இயங்கினால், வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. திரையின் அழகுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வி அங்கிருந்து பார்க்கும்போதுதான் கூர்மை பெறுகிறது.

1984இல் வந்த மெக்கின்டாஷின் நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. அதில் ஒரு சாளரத்தை இழுத்தால் வெறும் எல்லைக்கோடுதான் நகரும். விட்ட இடத்தில் உள்ளடக்கம் பிறகு வரையப்படும். விண்டோஸ் 95இல் கூட, இழுக்கும்போதே உள்ளடக்கமும் நகரும் வசதி தனியாக விற்கப்பட்ட 'பிளஸ்' தொகுப்பில்தான் இருந்தது. மறைந்த பகுதி வெளிப்படும்போதெல்லாம் அதை அந்தந்த மென்பொருளே மீண்டும் வரைந்தாக வேண்டும். மென்பொருள் திணறினால் திரையில் வெள்ளைத் திட்டுகள் எஞ்சும்.

2001இல் வெளிவந்த மேக் ஓஎஸ் டென் வேறு வழியை மேற்கொண்டது. ஒவ்வொரு சாளரத்தையும் நினைவகத்தில் தனிப்படமாக வைத்து, நிழலும் ஒளிபுகும் தன்மையும் சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. திட்டுகள் மறைந்தன, ஆனால் அடுக்கும் வேலை முழுவதும் மையச் செயலியின் தலையில் விழுந்தது. 2002இல் வந்த 10.2 பதிப்பே அச்சுமையை வரைகலைச் சில்லுக்கு மாற்றியது.

2007இல் விஸ்டா இதே பாதையில் 'ஏரோ' கண்ணாடியோடு வந்தது. 1024×768 அளவுள்ள திரையை நிறைக்கும் ஒரு சாளரத்தின் படத்துக்கு ஏறத்தாழ 3 மெகாபைட் வேண்டும். விஸ்டா அதை முதன்மை நினைவகத்தில் ஒன்றும் வரைகலை நினைவகத்தில் ஒன்றுமாக இரு பிரதிகளாக வைத்திருந்தது. தனி வரைகலை அட்டை இல்லாத மலிவுக் கணினிகளில் இரண்டுமே ஒரே நினைவகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. போதாததற்கு, கண்ணாடியின் மங்கலுக்காகப் பின்னாலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் அக்கம்பக்கப் புள்ளிகளைப் படித்துச் சராசரி காணவேண்டும்.

இன்டெல் 915 சில்லுத் தொகுதி கொண்ட கணினிகளால் ஏரோவை இயக்கவே முடியாது. எனினும் அவற்றிலும் 'விஸ்டாவுக்கு ஏற்றது' என்ற வில்லை ஒட்டப்பட்டது. 2007இல் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. 2,100 டாலருக்கு வாங்கிய கணினி மின்னஞ்சலுக்கு மட்டுமே உதவுகிறது என்று மைக்ரோசாஃப்டின் துணைத்தலைவர் மைக் நாஷ் எழுதியிருந்தது அவ்வழக்கில் வெளியாயிற்று. நிறுவனத்தின் உயரதிகாரிக்கே இந்நிலை என்றால், குறைந்த விலைக் கணினியை நம்பியவர் கதி என்ன?

2009இல் விண்டோஸ் 7, புதிய இயக்கிகளின் துணையோடு, அந்த இரட்டைப் பிரதியை ஒழித்தது. அதன் மலிவுப் பதிப்பான ஸ்டார்ட்டரில் கண்ணாடி இல்லவே இல்லை. 2012இல் விண்டோஸ் 8 கண்ணாடியை எல்லோருக்குமே நீக்கியது. அடுக்கும் முறை மட்டும் நிலைத்துவிட்டது, அது பயனுள்ளது.

கண்ணாடி மோகம் ஓயவில்லை. 2025இல் ஆப்பிள் 'லிக்விட் கிளாஸ்' என்ற பெயரில் அதை மீண்டும் கொண்டுவந்தது. அழகு வேண்டாம் என்பதல்ல வாதம். வடிவமைப்பாளரின் மேசையிலுள்ள கணினி எப்போதும் வலியது. அதில் தடுமாறாத அழகு, எளியவரின் கணினியில் தடுமாறும். சோதனை தொடங்கவேண்டிய இடம் அந்த எளிய கணினிதான்.