சூளைக் கண்ணும் கேமராக் கண்ணும்

எழும்பூர் ஓவியக் கல்லூரியில் நான் மண்பாண்டப் பிரிவு மாணவனாக இருந்தபோது, சூளையைப் பார்த்துக்கொண்ட அண்ணன் வெப்பமானியைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். சுவரில் இருந்த சிறு துளையில் கண்ணை வைத்துப் பார்ப்பார். “இன்னும் பழுக்கல தம்பி. பூவரசம்பூ மாதிரி வரணும்” என்பார். அந்த மஞ்சள் ஏறினால் சூடு 1,100 டிகிரியை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். நிறத்தைப் பார்த்தே வெப்பத்தை அளக்க அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

இந்தக் கல்லூரியைப் பள்ளியாகத் தொடங்கியவர் ஓவியர் மட்டுமல்ல, டாக்டர் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவராக மதராசுக்கு வந்த அலெக்சாண்டர் ஹண்டர், 1850இல் பிராட்வேயில் சொந்தச் செலவில் ஓவியப் பள்ளி ஒன்றைத் திறந்தார். மறு ஆண்டே அதோடு தொழிற்பள்ளியையும் சேர்த்தார். சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. பள்ளி பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வந்து சேர்ந்தது. செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற சூளைப் பகுதி அங்கிருந்து கூப்பிடு தூரம்.

ஹண்டர் மண்ணையும் மருத்துவர் போலத்தான் பார்த்தார். ஊர் ஊராகக் கிடைக்கும் களிமண்ணை வரவழைத்துச் சுட்டுப் பார்த்தார். கற்றாழை, எருக்கு நார்களின் வலிமையைச் சோதித்தார். கலை, அறிவியல், உற்பத்தி மூன்றையும் தலைப்பிலேயே தாங்கிய இதழ் ஒன்றை நடத்தினார். மாணவர்கள் படம் வரைந்தார்கள், மரக்கட்டையில் செதுக்கினார்கள், ஓடும் செங்கல்லும் ஜாடியும் செய்தார்கள். தாவர ஆய்வாளர் ஹியூ கிளெக்ஹார்னுக்காகச் செடிகொடிகளை வரைந்தவர்களிலும் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் உண்டு. இலையின் நரம்பைத் தவறாக வரைந்தால் அந்தப் படத்தால் தாவரவியலுக்குப் பயனில்லை.

1850களிலேயே கேமராவும் வந்துவிட்டது. மதராஸ் புகைப்படச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஹண்டரும் ஒருவர். அந்நாளில் படம் எடுப்பதே ஒரு ரசாயன வேலை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படத்தை எடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். சென்னை வெயிலில் அந்த ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? இருட்டறையில் அந்த அவசரத்தைப் பழகியவர்கள் ஓவியம் படிக்க வந்த பிள்ளைகள்.

ஹண்டரைத் தலையில் தூக்கிவைத்து ஆட நான் தயாரில்லை. உள்ளூர் மக்களின் ரசனையைத் ‘திருத்துவது’ அவருடைய நோக்கங்களில் ஒன்று. சோழர் செப்புத் திருமேனிகளை வார்த்த நாட்டில் கிரேக்கச் சிலைகளின் பிளாஸ்டர் நகலைப் பார்த்து வரைவது பாடமாக இருந்தது. ஆனால், வரைகிறவனுக்கு மண்ணும் நாரும் ரசாயனமும் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்தில் எனக்குக் குறை தெரியவில்லை.

அந்தப் பிடிவாதம் அவருக்குப் பிறகும் இருந்தது. 1898இல் ஆல்பிரெட் சாட்டர்டன் என்ற பொறியாளர் இதே பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். வேலையிழந்த பித்தளை, செம்புக் கன்னார்களுக்குப் புதிய பிழைப்பு தேடிக்கொடுப்பது அவர் எண்ணம். நம் அடுப்படியின் அலுமினியத் தூக்குச்சட்டிக்கு ஓவியப் பள்ளியில் ஒரு வேர் இருக்கிறது. குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனையும் இங்கேதான் நடந்தது.

பிறகு காற்று திசைமாறியது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல் இந்திய முதல்வராக வந்தார். மெரினாவின் உழைப்பாளர் சிலை அவர் கைவேலை. அடுத்து கே.சி.எஸ். பணிக்கர் காலத்தில் சென்னை ஓவியர்கள் தங்களுக்கென ஒரு பாணியைக் கண்டெடுத்தார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. எல்லாம் பெருமைதான். ஆனால் ஓவியமும் சிற்பமும் நடுக்கூடத்துக்குப் போக, சூளையும் தறியும் கொல்லைப்புறத்துக்குப் போயின. எங்கள் காலத்தில் மண்பாண்டப் பிரிவு என்றால், “பானை செய்யவா காலேஜுக்கு வந்தே?” என்று கேட்பவர்கள் இருந்தார்கள்.

இப்போது நான் கற்றுக்கொடுக்கும் சிறு பட்டறைக்கு வரும் பெற்றோர், “பையனுக்குக் கெமிஸ்ட்ரி வராது சார், அதான் ஆர்ட்ல போடலாம்னு” என்கிறார்கள். அவர்களுக்கு நான் இரண்டு கிண்ணங்களைக் காட்டுவேன். இரண்டுக்கும் செம்பு ஆக்ஸைடு கலந்த ஒரே கிளேஸ் பூச்சுதான். ஒன்று பச்சை, ஒன்று ரத்தச் சிவப்பு. தாராளமாகக் காற்று விட்டுச் சுட்டது பச்சை. காற்றை அடைத்துப் புகையில் சுட்டது சிவப்பு.

பையனைக் கூட்டி வாருங்கள். கெமிஸ்ட்ரிக்குப் பயந்து வந்தவன் என்று நான் அவனிடம் சொல்லமாட்டேன். சூளை சொல்லிக்கொடுத்துவிடும்.