தேயிலைக்குக் கத்தி, ரோடோடென்ட்ரானுக்கு விரல்

நீலகிரியில் கவாத்து என்றால் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தேயிலைதான். அதே மலையின் சோலையோரப் புல்வெளிகளில் காட்டுப்பூவரசும் நிற்கிறது. செக்கச்செவேலென்று கொத்துக் கொத்தாகப் பூக்கும் இந்த மரம் ரோடோடென்ட்ரான் பேரினம். மலையூர் வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கும் அசேலியாவும் அதே பேரினம்தான். தேயிலை, ரோடோடென்ட்ரான் இரண்டுக்குமே அமில மண் வேண்டும், ஈரக்காற்று வேண்டும். வேரடியில் தண்ணீர் தேங்கினால் ஆகாது. இத்தனை ஒற்றுமை இருப்பதால் தேயிலையில் பழகிய கை ரோடோடென்ட்ரானையும் அதே மாதிரி வெட்டிவிடுகிறது. செடி சாவதில்லை, ஆனால் பூ போய்விடுகிறது.

தேயிலையை அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். அதை இடுப்பளவில் நிறுத்தி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் துளிர்க்க வைப்பது கவாத்துதான். தென்னிந்தியத் தோட்டங்களில், மலையின் உயரத்தைப் பொறுத்து, 4 முதல் 6 ஆண்டுகளுக்கு ஒரு முறை வெட்டுவார்கள். கொழுந்து பறிக்கும் மட்டம் ஏறிக்கொண்டே போய், கிளைநுனிகள் முண்டு முண்டாகி, கொழுந்து சிறுத்துவிடும் கட்டம் அது. வழக்கமான லேசான கவாத்து தரையிலிருந்து சுமார் 60 செ.மீ. உயரத்துக்கு மேல். செடி கிழண்டு நோய் கண்டிருந்தால் 30 செ.மீ.க்கும் கீழே இறக்கிவிடுவார்கள். இறக்கிய வயலைப் புதிதாகப் பார்ப்பவருக்கு நெஞ்சு பதறும். பச்சை என்று சொல்ல எதுவும் இராது.

அந்தத் துணிச்சலுக்கு அடிப்படை வேரில் இருக்கிறது. வெட்டுவதற்கு முன் பென்சில் பருமனுள்ள வேரை நறுக்கி, வெட்டிய முகத்தில் அயோடின் கரைசலைத் தடவிப் பார்க்கிறார்கள். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து சேர்ந்திருக்கிறது, வெட்டலாம். வெளிறியே இருந்தால் பொறுக்க வேண்டும். அந்தச் சேமிப்பிலிருந்துதான் பட்டைக்குள் உறங்கும் மொட்டுகள் விழித்து முளைக்கின்றன. பலவீனமான செடியில் ஓரமாக ஓரிரு கிளைகளை இலையோடு விட்டுவைப்பதும் உண்டு. செடி மூச்சுவிட அது போதும். என்னைக் கேட்டால், வெட்டுக்கு முன் வேரைக் கேட்கும் இந்த வழக்கம்தான் தேயிலைக்காரர்களிடம் தோட்டக்காரர்கள் கற்க வேண்டிய முதல் பாடம்.

ரோடோடென்ட்ரானில் கேட்க வேண்டிய இடம் கிளைநுனி. வரும் வசந்தத்தின் பூ, போன கோடையிலேயே நுனியில் மொட்டாக உட்கார்ந்துவிடுகிறது. பிரிட்டனில் பெரும்பாலான ரகங்கள் ஏப்ரல் முதல் ஜூன் வரை பூக்கும். பூத்து முடிந்த கையோடு அடுத்த ஆண்டு வேலை தொடங்கிவிடும். இலையுதிர்காலத்தில் தோட்டத்தை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கத்தரியை எடுப்பவர், அடுத்த வசந்தத்தின் பூவைத்தான் குப்பையில் போடுகிறார். வெட்டியே ஆக வேண்டுமென்றால் பூ உதிர்ந்த சில வாரங்களுக்குள் வெட்டி முடிக்க வேண்டும்.

வெட்டும் இடமும் முக்கியம். பெரிய இலை ரகங்களில் இலைகள் நுனியைச் சுற்றி ஒரு வட்டமாக நிற்கும். அதற்குக் கீழே வெறும் தண்டு. இலைவட்டத்துக்குச் சற்று மேலே வெட்டினால் அந்த இலையடிகளிலிருந்து துளிர் வரும். வெறும் தண்டின் நடுவில் வெட்டினால் பெரும்பாலும் காய்ந்த குச்சிதான் மிஞ்சும். அசேலியாவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. தண்டு நெடுகிலும் மொட்டு இருப்பதால் எங்கே வெட்டினாலும் கிளைக்கும். ஜப்பானியத் தோட்டங்களில் அசேலியாவைப் பாறை போலவும் குன்று போலவும் உருட்டி வெட்ட முடிவது இதனால்தான். அவர்களும் பூ முடிந்தவுடனேதான் வெட்டுகிறார்கள்.

பெரிய இலை ரகங்களுக்கு ஆண்டுதோறும் தேவைப்படுவதெல்லாம் வாடிய கொத்தைக் கிள்ளுவதுதான். இதழ்கள் விழுந்தபின் பிசுபிசுப்பான காம்புகளும் பச்சைக் காய்களும் ஒரு கற்றையாக நிற்கும். அதன் அடியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பக்கவாட்டில் வளைத்தால் பட்டென்று ஒடியும். ஒடித்த இடத்துக்கு அடியிலேயே, இலைக்கக்கத்தில், அரிசிமணி அளவில் இரண்டு மூன்று மொட்டுகள் தெரியும். அடுத்த ஆண்டுக் கிளையும் பூவும் அவைதான். அவை நசுங்காமல் ஒடிக்கத்தான் விரல் வேண்டும். கத்தரி அங்கே முரடு.

இதையெல்லாம் வைத்து ரோடோடென்ட்ரானைத் தொட்டாற்சிணுங்கி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பிரிட்டனுக்கு 18ஆம் நூற்றாண்டில் அலங்காரச் செடியாகப் போன பாண்டிகம் என்னும் இனம், இன்று வேல்ஸின் ஸ்நோடோனியாவிலும் அயர்லாந்தின் கில்லார்னி தேசியப் பூங்காவிலும் காட்டையே மூடி வளர்கிறது. அடியோடு வெட்டினாலும் கட்டையிலிருந்து மீண்டும் முளைக்கிறது. வெட்டோடு நிற்காமல், அந்தக் கட்டைக்குக் களைக்கொல்லியும் வைக்க வேண்டியிருக்கிறது. கத்தி பட்டாலே செத்துவிடும் என்று தோட்டக்காரர்கள் அஞ்சுவது இந்த இனத்தின் சொந்தக்காரச் செடிக்குத்தான்.

ஆகவே கிழண்டு, அடி வெறிச்சோடிய ரோடோடென்ட்ரானையும் இறக்கி வெட்டலாம். பட்டை சொரசொரப்பாக இருந்தால் நம்பிக்கை அதிகம். பழந்தண்டில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் போல உறங்கும் மொட்டுகள் கண்ணுக்கே தெரியும்; அவற்றுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். வழவழப்பான பட்டை உரியும் ரகங்கள் பல, அப்படி வெட்டினால் துளிர்ப்பதே இல்லை. தேயிலையைப் போல ஒரே நாளில் மொத்தத்தையும் இறக்காமல், மிகப் பழைய தண்டுகளில் மூன்றிலொரு பங்கு என்று மூன்று ஆண்டுகளில் முடிப்பது நல்லது. மற்ற தண்டுகளின் இலைகள் அதுவரை செடிக்குச் சோறு போடும். தேயிலை சில மாதங்களில் மறுபடி கொழுந்து தருகிறது. இங்கே வெட்டிய தண்டு பூக்கச் சில ஆண்டுகள் ஆகலாம். அதுவரை அடியில் இலைமக்கு பரப்பி ஈரம் காக்க வேண்டும். மேலாகப் படரும் மயிர்வேர்கள் அறுபடும் என்பதால் மண்ணைக் கொத்தக் கூடாது.

வெட்டியபின் அடியிலிருந்து வருவதையும் கவனிக்க வேண்டும். தேயிலையில் எந்த முளை வந்தாலும் அது தேயிலைதான். ஆனால் பழைய தோட்டங்களின் ரோடோடென்ட்ரான்களில் பல, பாண்டிக வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டியவை. ஒட்டுக்குக் கீழே வெட்டிவிட்டாலும், அங்கிருந்து வரும் முளையை வளரவிட்டாலும், சில ஆண்டுகளில் சிவப்புப் பூத்த செடியில் வெளிர்ஊதா பூக்கும். அந்த முளையை மட்டமாக வெட்டினால் மறுபடி வரும். மண்ணை விரலால் விலக்கி, அது புறப்பட்ட இடத்திலேயே பிய்த்தெடுக்க வேண்டும்.