ட்ரங்குப் பெட்டியில் வந்த ரம்

வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ‘ராணுவ கிராமம்’ என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர். லீவில் வருகிறவரின் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தால் கம்பளிச் சட்டை, கேன்டீன் சோப்பு; அடியில், லுங்கியில் சுற்றிய ரம். ஆம்பூர், பேரணாம்பட்டு என்று தோல் ஷாப்புகள் நிறைந்த இந்த வட்டாரத்து வீடுகள் பலவற்றுக்கு ரம் அறிமுகமானது பார் வழியாக அல்ல, பட்டாளத்து வழியாக.

ரம்முக்கு இது பழகிய வழிதான். 1493இல் கொலம்பஸ் தன் இரண்டாம் பயணத்தில் ஆசியக் கரும்பைக் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டுபோனார். ஆப்பிரிக்க அடிமைகளின் முதுகில் அங்கே சர்க்கரைத் தோட்டங்கள் எழுந்தன. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சிய மொலாசஸைப் புளிக்கவைத்து வடித்ததே ரம். பிரிட்டிஷ் கடற்படை அதைத் தினப்படி ஆக்கியது. மாலுமிகள் குடித்துவிட்டு விழுந்து கிடந்ததால், 1740இல் அட்மிரல் வெர்னன் ஒரு பங்கு ரம்முக்கு நான்கு பங்கு தண்ணீர் கலக்க உத்தரவிட்டார். வேண்டுகிறவர்கள் சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தக் கடற்படை ரம் படியை நிறுத்தியது 1970 ஜூலை 31இல்தான்.

ரம், சர்க்கரை, எலுமிச்சை என்ற அதே மூன்று சேர்மானம் கியூபாவில் டைகிரி என்ற காக்டெயில் ஆனது. 1898ஐ ஒட்டி, டைகிரி என்ற சுரங்க ஊரில் வேலைபார்த்த அமெரிக்கப் பொறியாளர் ஜென்னிங்ஸ் காக்ஸ் பெயரில் அதைச் சொல்கிறார்கள். வாஷிங்டனுக்கு அதைக் கொண்டுபோனவர் என்று சொல்லப்படுகிறவரும் ஒரு கடற்படை அதிகாரிதான்.

இந்தியாவில் கதை மலையில் தொடங்குகிறது. 1855இல் எட்வர்ட் டயர் கசௌலியில் மது ஆலை வைத்தார். அந்த வழியில் வந்த மோகன் மீக்கின் நிறுவனம் 1954இல் ஓல்டு மங்க்கை இறக்கியது. மரப்பீப்பாயில் ஏழு ஆண்டு ஊறிய கறுப்பு ரம், 42.8 சதவீதம் ஆல்கஹால். வரிச்சலுகை விலையில் ராணுவக் கேன்டீனுக்கு வந்து, பதவிக்கேற்ற மாதக் கோட்டாவில் பட்டாளத்துக்காரர் கையில் சேர்ந்தது.

வீட்டில் டைகிரி போட நம் சமையலறையே போதும். சந்தையில் கிடைக்கும் மெல்லிய தோல் நாட்டு எலுமிச்சைதான் கரீபியத்தில் ‘கீ லைம்’. கரும்பைப் போலவே அதுவும் ஆசியாவிலிருந்து போனதே. ஒரு பழத்தைப் பிழிந்தால் 20 மில்லி கிடைக்கும். அதில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையை முதலில் கரைக்க வேண்டும்; ஆல்கஹாலில் சர்க்கரை லேசில் கரையாது, அடியில் தங்கிவிடும். பிறகு 60 மில்லி ரம். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் கைநிறைய ஐஸோடு போட்டு, டப்பாவின் வெளிப்புறம் வேர்த்து விரல் மரக்கும்வரை குலுக்கி வடிகட்டினால் ஆயிற்று. குலுக்குவது குளிர்ச்சிக்கு மட்டுமல்ல. கரையும் ஐஸ்தான் இதில் சேரவேண்டிய தண்ணீர். கியூபாக்காரர் வெள்ளை ரம் ஊற்றுவார். கறுப்பு ரம்மில் வெனிலாவும் கருகிய வெல்லமும் மணக்கும். புளிப்பு ஒரு துளி கூடினால்தான் ஈடுகொடுக்கும்.

ஊரில் இதே ரம்முக்கு வேறொரு பக்குவம்: வெந்நீர், மிளகுத்தூள், சளிக்கு மருந்து என்ற பெயர். மருந்தல்ல அது. ரம் தோலுக்கு அடியிலுள்ள ரத்தக்குழாய்களை விரிப்பதால் கதகதப்பாகத் தெரியும். உண்மையில் உடம்பு சூட்டை வெளியே விடுகிறது.

60 மில்லி என்பது ஒரு லார்ஜ். அதில் சுமார் 20 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. புளிப்பும் இனிப்பும் சேர்ந்தால் காரம் தெரியாமல் இறங்கிவிடும், அடுத்த கிளாஸுக்குக் கை தானாகப் போகும். வெர்னன் மாலுமிகளைத் தெளிவாக வைத்திருக்கத் தண்ணீர் கலந்தார். அதே கலவை இன்று கூடுதலாகக் குடிக்கவைக்கிறது. அதனால் அளவுக்கிண்ணம் இல்லாத வீட்டில் டைகிரி போடாமலிருப்பதே மேல்.