விரைவான வழி எது?



இரவு நேரம். லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. ரப்பர் காட்டுக்குள் புகுந்து போனால் ஆஸ்பத்திரி 4 மைல். நடக்க ஒன்றரை மணி நேரம். பெரிய சாலை வழியாக 7 மைல். சாலைவரை 20 நிமிட நடை, பிறகு வாடகைக் காரில் 15 நிமிடம். தூரம் குறைந்த வழியை யார் தேர்ந்தெடுப்பார்?

இரண்டு வழி என்றால் மனக்கணக்கே போதும். ஊர்களும் சாலைகளும் வலைபோலப் பின்னிக் கிடந்தால் வழிகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க ஆயுள் போதாது.

இதற்கு நெதர்லாந்தில் 1956ஆம் ஆண்டு ஒரு முறை கண்டவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் ஆர்மாக் என்ற புதிய கணிப்பொறியின் திறப்பு விழாவுக்கு, கணிப்பொறி அறியாதவருக்கும் விளங்கும் ஒரு கணக்கு தேவைப்பட்டது. தாம் மணக்கவிருந்த பெண்ணுடன் கடைத்தெரு சுற்றிய களைப்பில் காப்பிக் கடையில் உட்கார்ந்தவர், பென்சிலும் காகிதமும் இல்லாமல் 20 நிமிடத்தில் முறையைக் கண்டுவிட்டார். 64 ஊர்கள் கொண்ட நாட்டுப் படத்தை வைத்துக் கணிப்பொறி வழி சொன்னது. அவர் கணக்கிட்டது தூரத்தை. அந்த இடத்தில் நிமிடத்தைப் போட்டாலும் முறை மாறாது.

புறப்படும் ஊரிலிருந்து நேரே போகக்கூடிய ஊர்களுக்கு ஆகும் நேரத்தை எழுதுங்கள். மிகக் குறைந்த நேரம் எந்த ஊருக்கோ, அதை முடிவு செய்துவிடுங்கள. அந்த ஊர் வழியாகப் போனால் மற்ற ஊர்களுக்கு நேரம் குறைகிறதா? குறைந்தால் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். மீதியில் மிகக் குறைந்ததை அடுத்து முடிவு செய்யுங்கள். சேரவேண்டிய ஊர் முடிவாகும்வரை இப்படியே. கூட்டலும் ஒப்பிடுதலும்தான், பெருக்கல்கூட வேண்டாம்!

முடிவு செய்த ஊரை மறுபடி தொடவேண்டியதில்லை. ஏன் தெரியுமா? வேறு வழியாக அங்கே வருவதானால், இன்னும் முடிவாகாத ஓர் ஊரைத் தாண்டித்தான் வரவேண்டும். அந்த ஊரை எட்டவே இதற்குக் குறையாத நேரம் ஆகுமே! முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

1959இல் இது மூன்றே பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. இன்று கைத்தொலைபேசி வழிகாட்டுவதும் இதிலிருந்து வளர்ந்த கணக்குகளைக் கொண்டுதான்.

1957இல் டைக்ஸ்ட்ராவுக்குத் திருமணம் நடந்தது. கணிப்பொறிக்கு நிரல் எழுதுவதே தம் தொழில் என்று பதிவின்போது சொன்னார். அப்படியொரு தொழிலே கிடையாது என்று நகராட்சியினர் மறுத்துவிட்டார்கள். பதிவேட்டில் பௌதிக அறிஞர் என்றுதான் எழுதினார்கள்.