மாத்திரை யாருடைய உடலில் சோதிக்கப்பட்டது?

கருத்தடை மாத்திரை பெண்களுக்குக் கிடைத்த பெரிய விடுதலை. இதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த விடுதலைக்கு முதல் விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் நாம் படிக்க வேண்டும் தோழர்களே.

1956இல், அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட புவேர்ட்டோ ரிக்கோ தீவின் ரியோ பியெத்ராஸ் குடியிருப்பில் 'எனோவிட்' மாத்திரையின் பெரிய சோதனை தொடங்கியது. நடத்தியவர்கள் கிரிகோரி பிங்கஸ், ஜான் ராக். அவர்கள் பணியாற்றிய மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கருத்தடைச் சாதனம் வழங்குவது சட்டப்படி குற்றம். அதனால் ஏழைப் பெண்கள் வாழ்ந்த தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்தடுத்த பிரசவத்தால் களைத்துப்போன அந்தப் பெண்கள் மாத்திரையை விரும்பியே வாங்கினார்கள். கர்ப்பத்தைத் தடுக்கும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. இது சோதனை என்பது சொல்லப்படவில்லை.

இந்த மாத்திரை நோயாளிக்குத் தரும் மருந்து அல்ல; ஆரோக்கியமான பெண்ணின் ஹார்மோன் அளவையே மாற்றுவது. செயற்கை ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் இரத்தத்தில் சேர்ந்ததும், பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஆகிய ஹார்மோன்களைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. எல்.எச். உச்சத்தைத் தொடாததால் கருமுட்டை வெளியேறுவதில்லை. சினைப்பை தானாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் குறைகின்றன.

இதற்கு எவ்வளவு மருந்து போதும் என்பது அன்று தெரியாது. எனோவிட்டில் புரோஜெஸ்டின் சுமார் 10 மில்லிகிராம், ஈஸ்ட்ரோஜன் சுமார் 0.15 மில்லிகிராம். இன்றைய பெரும்பாலான மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் 0.02 முதல் 0.035 மில்லிகிராம்தான்.

சோதனையைக் களத்தில் கவனித்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, 17 சதவீதப் பெண்களுக்குக் குமட்டல், தலைசுற்றல், தலைவலி, வாந்தி இருந்ததாக அறிக்கை தந்தார். பிங்கஸ் அதில் பெரும்பகுதி மனப்பிரமை என்று ஒதுக்கினார். ஏழைப் பெண்ணின் வலி தரவாகக்கூட மதிக்கப்படவில்லை. 1960இல் எனோவிட் கருத்தடைக்கு அனுமதி பெற்றது.

1970இல் இரத்தக்கட்டு உள்ளிட்ட ஆபத்துகள் பற்றி அமெரிக்க செனட்டில் கேலார்ட் நெல்சன் தலைமையில் விசாரணை நடந்தது. மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்கூடச் சாட்சியாக அழைக்கப்படவில்லை. ஆலிஸ் வுல்ஃப்சனும் தோழியரும் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து, "எங்களை ஏன் கேட்கவில்லை?" என்று குரல் எழுப்பினார்கள். அதன் பிறகே பக்கவிளைவுகளைச் சொல்லும் தாள் மாத்திரையோடு தரப்பட்டது. மருந்தின் அளவும் படிப்படியாகக் குறைந்தது.

இதைப் படித்து யாரும் மாத்திரையை வெறுக்க வேண்டாம். புகைபிடிக்கும் 35 வயதைக் கடந்த பெண்களும், இரத்தக்கட்டு வந்தவர்களும் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையை எடுக்கக் கூடாது என்று இன்று நமக்குத் தெரிகிறது. அந்த அறிவு கிடைக்கும் முன்பே புவேர்ட்டோ ரிக்கோ பெண்கள் மாத்திரையைச் சாப்பிட்டார்கள். மாத்திரையும் வேண்டும், அதைப் பற்றிய முழுத் தகவலும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் உரிமை.