எஸ்பிரஸோ: கொட்டையைக் காப்பதும் அரைப்பதும்

வீட்டில் எஸ்பிரஸோ போடுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் ஒன்று உண்டு: "நேற்று அமிர்தம் மாதிரி வந்தது, இன்று வாயில் வைக்க முடியவில்லை." பழி பெரும்பாலும் இயந்திரத்தின் தலையில் விழும். அடுத்த தள்ளுபடி விற்பனையில் இன்னும் விலை கூடிய இயந்திரம் வீட்டுக்கு வரும். புலம்பல் மட்டும் போகாது.

ஓரளவு நல்ல இயந்திரம் தினமும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில், ஒரே அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. மாறுவது அதற்குள் நாம் போடும் காப்பி. வறுத்த கொட்டை நாளுக்கு நாள் மாறுகிறது. அரைத்த தூள் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. இவ்விரண்டையும் கட்டுக்குள் கொண்டுவந்தால், எளிய இயந்திரத்திலும் நேற்றைய கோப்பையை இன்றும் குடிக்கலாம். அதற்கான வழிகளையும் காரணங்களையும் இங்கே பார்ப்போம்.

எஸ்பிரஸோ ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது?

இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த லூயிஜி பெட்செரா 1901-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இயந்திரம், நீராவியின் அழுத்தத்தால் காப்பியை வேகமாக இறக்கியது. அழுத்தம் குறைவு என்பதால் இன்று நாம் அறிந்த எஸ்பிரஸோ அதில் வரவில்லை. அதே நகரத்தின் அக்கில்லே காஜியா, 1938-ல் காப்புரிமை பெற்றுப் போருக்குப் பின் நெம்புகோலும் வில்லும் கொண்ட இயந்திரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோதுதான் கோப்பையின் மேல் பொன்னிற நுரை தோன்றியது. இத்தாலியர்கள் அதைக் கிரேமா என்கிறார்கள். 1961-ல் ஃபாயேமா நிறுவனத்தின் இ61 இயந்திரம் மின் பம்பைப் பயன்படுத்தி, கைபலம் இல்லாமலே 9 பார் அழுத்தத்தைக் கொடுத்தது. இன்றைய வீட்டு இயந்திரங்கள் அதன் வாரிசுகள்.

9 பார் என்றால் எவ்வளவு? தூள் போடும் கிண்ணத்தின் விட்டம் பொதுவாக 58 மில்லிமீட்டர். அந்தச் சிறு வட்டத்தின் மேல் ஏறத்தாழ 240 கிலோ எடை உட்கார்ந்தது போல. நம் பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் புவியீர்ப்பை மட்டும் நம்பிச் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. தூள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் நேரம் அதைச் சரிக்கட்டிவிடும். எஸ்பிரஸோவில் மொத்தக் கதையும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. தூள் படுக்கையில் ஓரிடம் சற்றே இளகி இருந்தாலும் தண்ணீர் அங்கே வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடும். வாய்க்கால் ஓரத்துத் தூள் அளவுக்கு மீறிச் சாறு இழந்து கசக்கும். மற்ற இடத்துத் தூள் சாறு இறங்காமல் புளிக்கும். ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வருவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

இத்தாலிய தேசிய எஸ்பிரஸோ கழகத்தின் இலக்கணப்படி 7 கிராம் தூள், 25 விநாடி, 25 மில்லிலிட்டர் காப்பி. இத்தாலிக்கு வெளியே இப்போது பரவலாக உள்ள கணக்கு 18 கிராம் தூளில் 36 கிராம் காப்பி, 25 முதல் 30 விநாடிக்குள். இக்கட்டுரையில் இந்த இரண்டாவது கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

வறுத்த கொட்டைக்குள் நடப்பது

கொட்டையை வறுக்கும்போது உண்டாகும் கரியமில வாயுவில் ஒரு பகுதி அதன் நுண்ணிய அறைகளுக்குள் சிறைப்பட்டுவிடுகிறது. எடையில் ஏறத்தாழ ஒரு சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளலாம். அது வாரக்கணக்கில் மெல்ல வெளியேறுகிறது. காப்பிப் பைகளில் பொத்தான் போல ஒன்று இருக்கிறதே, அது ஒருவழி வால்வு. வாயுவை வெளியே விடும், காற்றை உள்ளே விடாது.

கிரேமாவை உண்டாக்குவது இந்த வாயுதான். அளவுக்கு மிஞ்சினால் அதுவே தொல்லை. வறுத்த மறுநாளே போட்டால், தூளிலிருந்து பீறிடும் வாயு தண்ணீரின் வழியை மறிக்கும். நுரை மட்டும் பொங்கும், சுவை கூர்மையாக இருக்கும். எஸ்பிரஸோவுக்கு வறுத்தபின் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பொறுப்பது நல்லது. மறுபுறம், வாயு போகப் போகத் தூளின் எதிர்ப்பு குறைகிறது. பத்தாம் நாள் 28 விநாடியில் இறங்கிய காப்பி, அதே அரைவையில் இருபத்தைந்தாம் நாள் 22 விநாடியில் ஓடிவிடலாம். கூடவே ஆக்சிஜன் எண்ணெய்களைச் சிக்கடிக்க வைக்கிறது, மணம் ஆவியாகிறது. கறுக்க வறுத்த கொட்டை அதிகம் பொரிந்து துளைபட்டிருப்பதால் இந்த மாற்றங்கள் அதில் இன்னும் விரைவு.

சேமிப்பு: அளவோடு வாங்குவதே முதல் பாதுகாப்பு

காற்று, ஈரம், வெப்பம், வெளிச்சம். இந்த நான்குமே எதிரிகள். மேடைமேல் அழகாக வைத்த கண்ணாடி ஜாடி, வெளிச்சத்தையும் ஒவ்வொரு முறை திறக்கும்போது புதுக் காற்றையும் சேர்த்து வரவேற்கிறது. அரைக்கும் இயந்திரத்தின் தலையில் இருக்கும் புனலும் சேமிப்புக் கலம் இல்லை. அன்றைய தேவைக்கு மேல் அதில் கொட்டி வைக்க வேண்டாம்.

ஒரு நாளைக்கு இரண்டு கோப்பை என்றால் 36 கிராம். 250 கிராம் பை ஏழு நாளைக்கு வரும். ஒரு கிலோ பை நான்கு வாரம். ஒருவர் மட்டும் குடிக்கும் வீட்டில், தினம் ஒரு கோப்பையென்றால், அதே ஒரு கிலோ எட்டு வாரம் கிடக்கும். கடைசிப் பாதி சுவையிழந்தே தீரும். வாரத்துக்குக் கால் கிலோ வறுத்து அரைத்து வாங்கிவரும் நம்மூர்ப் பழக்கத்தில் சிக்கனத்தோடு இந்த அறிவும் இருந்தது. பையில் வறுத்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" என்பது மட்டும் இருந்தால், கொட்டையின் வயது உங்களுக்குத் தெரியாது.

குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டு வேண்டாம். அங்கே குளிர் போதாது. ஈரமும் சாம்பார் வாசனையும் உண்டு. உறைபெட்டி வேறு விஷயம். வேதிவினைகளின் வேகம் 10 டிகிரிக்கு ஏறத்தாழப் பாதியாகும் என்ற பொது விதியை வைத்துப் பார்த்தால், 22 டிகிரி அறையிலிருந்து உறைபெட்டியின் மைனஸ் 18 டிகிரிக்குப் போகும்போது நான்கு முறை பாதியாகி, பதினாறில் ஒரு பங்காகிறது. இது தோராயக் கணக்குதான் என்றாலும், திசை சரி. செய்ய வேண்டியவை:

1. கொட்டை பக்குவத்துக்கு வந்ததும், அதாவது வறுத்து ஒரு வாரம், பத்து நாள் ஆனதும், காற்றுப் புகாத சிறு பொட்டலங்களாகப் பிரித்து உறைபெட்டியில் வையுங்கள். உள்ளே காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

2. வாரத்துக்கான பொட்டலம் என்றால், வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்காதீர்கள். திறந்தால் குளிர்ந்த கொட்டையின் மேல் காற்றின் ஈரம் வியர்வையாகப் படியும்.

3. ஒரு கோப்பைக்கான பொட்டலம் என்றால், எடுத்தவுடன் உறைந்தபடியே அரைக்கலாம்.

4. வெளியே எடுத்ததை மறுபடி உள்ளே வைக்காதீர்கள்.

மூன்றாவதில் ஒரு நுட்பம் உண்டு. கொட்டை எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நொய்யாகவும் ஒரே சீராகவும் உடைகிறது என்று 2016-ல் 'சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. எனவே ஒரு நாள் உறைந்த கொட்டை, மறுநாள் அறை வெப்பக் கொட்டை என்று மாற்றினால் அரைவையும் மாறும். ஏதாவது ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அரைத்தல்: மிக்ஸியும் திருகையும்

முதலில் ஒரு சிறு கணக்கு. 6 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் ஒன்றின் மேற்பரப்பு 216 சதுர மில்லிமீட்டர். அதை 0.3 மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் 8000 துண்டுகள். மொத்த மேற்பரப்பு 4320, அதாவது இருபது மடங்கு. காற்று தாக்கும் இடமும் இருபது மடங்கு. போதாக்குறைக்கு, வாயுவைச் சிறைவைத்திருந்த அறைகளும் உடைகின்றன. எஸ்பிரஸோவுக்கு முன்கூட்டியே அரைத்த தூள் சரிப்படாததற்கு இது முதல் காரணம். இரண்டாவது காரணம், கொட்டை மாற மாற அரைவையை மாற்றும் வசதி நம் கையில் இல்லாமல் போவது. ஊரிலிருந்து பெட்டியில் வரும் தூளை ஃபில்டருக்கே வைத்துக்கொள்ளுங்கள். அதன் அரைவை அந்தப் பாத்திரத்துக்கானது.

காப்பி அரைக்கும் இயந்திரங்கள் இரண்டு வகை. முதல் வகை மிக்ஸி போன்றது: சுழலும் கத்தி, கையில் கிடைத்ததை எல்லாம் கண்டபடி வெட்டும். ஒரு பக்கம் மாவு, ஒரு பக்கம் நொறுங்கல். இது எஸ்பிரஸோவுக்கு உதவாது. இரண்டாவது, பல்வெட்டிய இரு எஃகுச் சக்கரங்களுக்கு இடையே கொட்டையை நசுக்கி உடைப்பது. தட்டையான சக்கரங்கள் என்றால் நம் திருகையேதான். கூம்பு வடிவம் என்றால் ஆட்டுக்கல்லின் குழியும் குழவியும் போல. இரண்டிலும் இடைவெளியே துகளின் அளவைத் தீர்மானிக்கிறது. அந்த இடைவெளியை எவ்வளவு நுணுக்கமாக மாற்ற முடிகிறது, அரைக்கும்போது சக்கரங்கள் ஆடாமல் இருக்கின்றனவா என்பவையே ஒரு நல்ல அரைப்பானின் அடையாளங்கள்.

நுணுக்கம் ஏன் வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. துகள் படுக்கை வழியாகத் தண்ணீர் பாயும் வேகம், மற்றவை மாறாதிருந்தால், துகள் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். விட்டம் 10 சதவிகிதம் கூடினால் பாய்ச்சல் சுமார் 21 சதவிகிதம் கூடும். 300 மைக்ரான் துகளில் 10 சதவிகிதம் என்பது 30 மைக்ரான். தலைமுடியின் பருமனை விடக் குறைவு. அவ்வளவு சிறிய மாற்றமே 28 விநாடியை 23 ஆக்கிவிடும். பெரிய படிகளாக மட்டும் நகரும் அரைப்பானில் "ஒரு படி இப்படி வைத்தால் வேகம், அப்படி வைத்தால் அடைப்பு" என்று தவிப்பது இதனால்தான்.

மிக நொய்ய அரைத்தால் சாறு அதிகம் இறங்கும் என்று தோன்றும். 2020-ல் 'மேட்டர்' இதழில் வெளியான கணித மாதிரி ஆய்வு, ஓர் எல்லைக்கு மேல் அது தலைகீழாகிறது என்று காட்டியது. மிக நொய்ய தூளில் சில இடங்கள் அடைத்துக்கொள்ள, பாய்ச்சல் சீரற்றதாகிறது. கோப்பைக்குக் கோப்பை சுவை வேறுபடுகிறது. சற்றே பருமனாக அரைத்துத் தூளைக் குறைத்தால் சீர்மை கூடுகிறது. எனவே உங்கள் கோப்பைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால், இன்னும் நொய்ய அரைப்பதற்கு முன் ஒருமுறை எதிர்த்திசையில் முயன்று பாருங்கள்.

நிலைமின்சாரமும் தொல்லைதான். அரைக்கும்போது உராய்வால் துகள்கள் மின்னேற்றம் பெற்றுக் கட்டிதட்டுகின்றன, சுவரில் ஒட்டுகின்றன. அரைக்கும் முன் கொட்டையில் ஒன்றிரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் கிளறினால் இது பெரிதும் குறையும். 2023-ல் அதே 'மேட்டர்' இதழில் வந்த மற்றோர் ஆய்வு, இப்படிச் செய்தால் கட்டிகள் குறைந்து சாறு கூடுதலாகவும் சீராகவும் இறங்குவதை உறுதிசெய்தது. குளிர்கால ஹீட்டரால் காற்று வறண்டுபோகும் ஊர்களில் இருப்பவர்களுக்கு இது கண்கூடாகத் தெரியும்.

சரியான அரைவையைக் கண்டுபிடிப்பது

மென்பொருளில் பிழை தேடியவர்களுக்கு இந்த விதி புதிதல்ல: ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கை வைக்காதே. இங்கேயும் அப்படியே.

1. 0.1 கிராம் வரை காட்டும் தராசில் 18 கிராம் கொட்டையை நிறுத்துக்கொள்ளுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம்.

2. அரைத்த தூளை மெல்லிய ஊசியால் கிளறிக் கட்டிகளை உடைத்து, சமமாகப் பரப்பி, சாய்வில்லாமல் அழுத்துங்கள். எவ்வளவு பலம் என்பதைவிட மட்டமாக இருப்பதே முக்கியம்.

3. கோப்பையையும் தராசில் வைத்து, 36 கிராம் வந்ததும் நிறுத்துங்கள். விநாடியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. 18 விநாடியில் ஓடி, புளித்தால் நொய்ய அரையுங்கள். 45 விநாடி இழுத்து, கசந்தால் பருமனாக்குங்கள். தூளின் எடையையும் காப்பியின் எடையையும் தொடாதீர்கள்.

5. அரைவையை மாற்றியதும் சில கிராம் கொட்டையை அரைத்துக் கொட்டிவிடுங்கள். அரைப்பானின் உள்ளே தங்கிய பழைய தூள், புதிய அரைவையோடு கலந்து வந்து ஏமாற்றும்.

6. நேரம் சரியான பிறகு, முடிவைச் சொல்ல வேண்டியது நாக்கு. 32 விநாடியில் உங்களுக்குப் பிடித்திருந்தால் அதுவே உங்கள் கணக்கு.

ஒரு பை கொட்டை தீர்வதற்குள் இரண்டு மூன்று முறை அரைவையைச் சற்று நொய்யதாக்க வேண்டி வரலாம். அது கொட்டையின் வயது காட்டும் இயல்பு. வாரம் ஒருமுறை சக்கரங்களைத் தூரிகையால் துடைப்பதும் அவசியம். அங்கே படியும் எண்ணெய் சிக்கடித்து, புதுக் கொட்டையின் மணத்தையும் கெடுக்கும்.

பணத்தை எங்கே போடுவது?

கையிருப்பு குறைவு என்றால் வரிசை இது: முதலில் தேதி தெரிந்த கொட்டை, பிறகு தராசு, பிறகு அரைப்பான், கடைசியில் இயந்திரம். தினம் ஒன்றிரண்டு கோப்பைக்குக் கையால் சுற்றும் நல்ல எஃகு அரைப்பானே போதும். அதே தரத்துக்கு மின் அரைப்பானின் விலை கூடுதல். மேசை விளிம்பில் திருகி வைத்த கை மிஷினில் அரைத்துக் காப்பி போட்ட வீடுகளிலிருந்து வந்தவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமில்லை.

கொட்டையிலும் உறவு உண்டு. இந்தியக் காப்பியை அதிகம் வாங்கும் நாடுகளில் இத்தாலி நெடுங்காலமாக முன்னணியில் இருக்கிறது. இத்தாலியக் கலவைகளில் கனமான கிரேமாவுக்காகச் சேர்க்கப்படும் ரொபஸ்டாவில் ஒரு பங்கு தென்னிந்திய மலைகளில் விளைந்தது. அரைப்பானின் பக்கத்தில் ஒரு சிறு நோட்டு வையுங்கள்: வறுத்த தேதி, அரைவை எண், விநாடி, சுவை, நான்கே பத்திகள். ஒரு மாதம் எழுதினால், அடுத்த பையின் முதல் கோப்பையிலேயே ஏறக்குறைய சரியான இடத்தில் தொடங்கலாம்.