பருவுக்கு 'ட்யூப்' வாங்குறீங்களா? சீட்டு இல்லாமல் வேண்டாம்!

திருச்செங்கோடு:
முகத்தில் நாலு பரு வந்துட்டா போதும், "அண்ணே, பருவுக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்று மெடிக்கலுக்கு ஓடுவது வழக்கமாகி விட்டது. விசைத்தறி, ரிக் வண்டி என்று வியர்வையில் வேலை பார்க்கும் திருச்செங்கோடு வாலிபர்களும், கல்லூரி மாணவிகளும் இதைத் தெரிந்து கொள்வது நல்லது.

ஹார்மோனால் தோலில் எண்ணெய் அதிகம் சுரந்து, துவாரம் அடைபடுவதால் பரு வருகிறது. உள்ளே கிருமி பெருகினால் சிவந்து வீங்கி, சீழ் பிடிக்கும். இந்தக் கிருமியை அடக்கத்தான் கிளின்டாமைசின் 1 சதவீத ஜெல். ரெண்டு நாளில் பலன் தெரியாது. 6 முதல் 8 வாரம் ஆகும்.

இதை மட்டும் மாதக்கணக்கில் தடவினால் கிருமி மருந்துக்குப் பழகி விடும். அப்புறம் ஜெல் கேட்காது. அதனால்தான் டாக்டர்கள் பென்சாயில் பெராக்சைடும் சேர்த்து எழுதுகிறார்கள். பொதுவாக 12 வாரத்துக்குள் ஆன்டிபயாடிக்கை நிறுத்தி விடுவார்கள். பென்சாயில் பெராக்சைடு பட்டால் துண்டு, தலையணை உறை சாயம் போகும், உஷார்.

ஸ்டீராய்டு கலந்த ஆயின்ட்மென்ட் இன்னும் மோசம். முதலில் முகம் பளபளக்கும். பிறகு பரு அதிகமாகி, தோல் மெலியும். 2018-ல் மத்திய அரசு மேலும் 14 ஸ்டீராய்டு மருந்துகளை டாக்டர் சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்த்தது. கிளின்டாமைசினுக்கும் சீட்டு வேண்டும்.

பருவைக் கிள்ளினால் தழும்பு நிற்கும். வலியோடு கட்டி கட்டியாக வந்தால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தோல் பிரிவில் காட்டலாம். கர்ப்பிணிகள் எந்த ட்யூப்பும் தடவும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.